மெட்டைக் கொடுத்தவர் பாட்டையும் எடுத்துக்கொள்ளலாமா?

கேள்வி: அண்ணே, எனக்குச் சொந்த ஊர் பாம்பன். எம்.ஏ. தமிழ் முடித்துவிட்டு பி.எட். படிக்கிறேன். கல்லூரியில் சேர்ந்ததிலிருந்தே எங்கள் பக்கத்து நாடக செட்டுகளுக்கு, அதாவது நாடகக் குழுக்களுக்கு, பாட்டு எழுதிக் கொடுக்கிறேன். பபூன் பாட்டு, டான்ஸ் பாட்டு, திருவிழாப் பாட்டு, பள்ளிக்கூட ஆண்டு விழாப் பாட்டு என்று எது கேட்டாலும் எழுதுவேன். இப்போது சென்னையிலிருந்து ஒரு சீரியலுக்கு டைட்டில் பாட்டு கேட்டிருக்கிறார்கள். மீனவக் குடும்பத்துக் கதை. மெட்டு வாட்ஸ்அப்பில் வந்தது, எழுதிவிட்டேன். கூடவே ஒரு ஒப்பந்தமும் வந்திருக்கிறது. மொத்தமாக ஒரு தொகை தருவார்களாம். அதன்பிறகு பாட்டில் எனக்கு எந்த உரிமையும் கிடையாது, ராயல்டி கேட்கக்கூடாது என்று போட்டிருக்கிறார்கள். பெயர் வருமா என்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. கையெழுத்துப் போடலாமா? சென்னைக்குப் போய்விட்டால்தான் முன்னுக்கு வர முடியும் என்கிறார்கள் நண்பர்கள். அப்பா, படிப்பை முடி என்கிறார். மேடைக்கே எழுதிக்கொண்டிருந்தால் மேடையோடு நின்றுவிடுவேனோ என்று எனக்கும் பயம். அம்மா பாசி எடுக்கப் போகிறவர். விடியுமுன்னே விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு மரிக்கொழுந்து என்ற கடற்பாசியைப் பிடுங்கக் கடலில் இறங்குவார். அந்தக் காசில்தான் படித்தேன். அதனால் இந்தத் தொகை எனக்குச் சின்னது இல்லை. மெட்டையும் பாட்டையும் இணைத்திருக்கிறேன்.
பாம்பன் வாசகி

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

அந்தக் காகிதம் இப்போது இருக்கிறபடி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். பாட்டைக் கொடுக்கலாம், பணத்தையும் வாங்கிக்கொள்ளலாம். ஒப்பந்தம் மட்டும் முதலில் திருத்தி வரட்டும். இதை முதலிலேயே சொல்லக் காரணம், நீங்கள் இந்தப் பதிலைப் படிப்பதற்குள் “மேடம், கையெழுத்து என்னாச்சு?” என்று அங்கிருந்து இரண்டு தடவையாவது கேட்டிருப்பார்கள். அவசரப்படுத்துவது இந்தத் தொழிலில் வழக்கம். சாயங்காலம் மெட்டு வரும், காலையில் ரெக்கார்டிங் என்பார்கள். பாட்டுக்கு அந்த அவசரம் நியாயம்தான். காகிதத்துக்கு அவசரமே கிடையாது.

நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ல் வந்தது. 2012-ல் அதைத் திருத்தினார்கள். இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் இருந்துகொண்டு இதற்காக வாதாடினார். அந்தத் திருத்தத்துக்கு முன்னால் பாட்டு எழுதியவர் ஒரு தடவை விற்றால் விற்றதுதான். பாட்டு எத்தனை வருஷம் ஓடினாலும் எழுதியவருக்குப் பத்துப் பைசா வராது. திருத்தம் வந்தபிறகு நிலைமை வேறு. படத்திலோ ஒலிப்பதிவிலோ இடம்பெறும் பாட்டின் ராயல்டியில், அதாவது பாட்டைப் பயன்படுத்தும்போதெல்லாம் வருகிற பணத்தில், உரிமையை வாங்கியவரோடு சரிசமமாகப் பங்கு பெறும் உரிமை எழுதியவருக்கு உண்டு. அந்தப் பங்கை நீங்களே மனமுவந்து விட்டுக்கொடுத்தாலும் செல்லாது. உங்கள் வாரிசுக்குப் போகலாம், வசூலித்துத் தரும் உரிமைச் சங்கத்திடம் ஒப்படைக்கலாம், அவ்வளவுதான். சினிமா தியேட்டரில் படத்தோடு சேர்த்துக் காட்டுவதற்கு மட்டும் ஒரு விலக்கு இருக்கிறது. சீரியலுக்கும் அந்த விலக்குக்கும் சம்பந்தமில்லை. ஆக, “ராயல்டி கேட்கக்கூடாது” என்று அவர்கள் போட்டிருக்கும் வரி சட்டத்தின் முன் நிற்காது.

நிற்காத வரிதானே, போட்டால் போகட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். பிறகு ஒருநாள் அதைச் செல்லாது என்று நிரூபிக்க நீங்கள்தான் அலைய வேண்டும். பாம்பனிலிருந்து சென்னைக்குப் போய் வக்கீல் வைத்து வழக்காடுவதைவிட, இன்றைக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு அந்த வரியை எடுக்கச் சொல்வது சுலபம்.

பெயர் விஷயம் பணத்தைவிடப் பெரிது. ஒரு சேனலில் எந்தப் பாட்டு எத்தனை முறை ஒலித்தது, எழுதியது யார், இசை யார் என்று பட்டியல் போடுவார்கள். க்யூ ஷீட் என்று பெயர். அதில் உங்கள் பெயர் இல்லாவிட்டால், வசூலிக்கிற சங்கத்துக்கு யாருக்குப் பணம் அனுப்புவது என்றே தெரியாது. சங்கம் என்று நான் சொல்வது ஐ.பி.ஆர்.எஸ். (இந்தியன் பெர்ஃபார்மிங் ரைட் சொசைட்டி). 1969-ல் தொடங்கியது. தொலைக்காட்சி, வானொலி, யூடியூப், பாட்டுச் செயலிகள், ஹோட்டல்கள் என்று பல இடங்களில் வசூலித்து எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் பிரித்துக் கொடுக்கிறது. உங்கள் பாட்டு வெளியானதும் அதில் உறுப்பினராகுங்கள். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். வாரம் ஆறு நாள் ஓடும் சீரியல் என்றால் டைட்டில் பாட்டு வருஷத்துக்கு முந்நூறு தடவைக்கு மேல் ஒலிக்கும். முதல் வருஷமே பெரிய தொகை வந்துவிடும் என்று நான் ஆசை காட்டவில்லை. ஆனால் வருகிறது உங்களுடையதாக இருக்க வேண்டும். பதிப்புரிமை உங்கள் ஆயுள் முழுவதும், அதற்குப் பிறகும் 60 வருஷம் நிற்கிற சொத்து. இராமநாதபுரம் கடற்கரையில் நம்மில் எத்தனை பேரிடம் அப்படி ஒரு சொத்து இருக்கிறது?

தயாரிப்பு நிறுவனத்துக்குக் கோபம் வராதபடி, ஆனால் தெளிவாக எழுதுங்கள். இப்படி எழுதினால் போதும்: “ஒப்பந்தம் கிடைத்தது, நன்றி. இந்தப் பாடலை இந்தத் தொடரிலும், அதன் மறு ஒளிபரப்பிலும், உங்கள் இணைய வெளியீட்டிலும் பயன்படுத்த முழுச் சம்மதம். எத்தனை வருஷத்துக்கு, எந்தெந்த நாடுகளுக்கு என்பதைக் குறிப்பிட்டுவிடுங்கள். ராயல்டி பற்றிய வரி பதிப்புரிமைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவுக்குப் பொருந்தவில்லை, அதை நீக்கித் தரவும். டைட்டிலிலும் இணையத்தில் வெளியிடும்போதும் க்யூ ஷீட்டிலும் பாடலாசிரியர் பெயர் இடம்பெறும் என்று ஒரு வரி சேர்க்கவும். தொகையை ரெக்கார்டிங் முடிந்த எத்தனை நாளில் தருவீர்கள் என்பதையும் குறிப்பிடவும்.” வருஷமும் இடமும் எழுதாமல் விட்டால் ஐந்து வருஷம், இந்தியா மட்டும் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால் அவர்களே அக்கறையோடு எழுதிவிடுவார்கள். “ஒளிபரப்பானதும் பணம்” என்று மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். எத்தனையோ தொடர்கள் பாட்டுப் பதிவோடு நின்றுபோயிருக்கின்றன.

பாட்டைப் பதிப்புரிமை அலுவலகத்தில் தனியாகப் பதிவு செய்யவும் வழி உண்டு. கட்டாயமில்லை, எழுதிய அன்றே உரிமை பிறந்துவிடுகிறது. ஆனாலும் தகராறு வந்தால் பதிவு கைகொடுக்கும். இலக்கியப் படைப்புக்கு 500 ரூபாய் கட்டணம். மெட்டு வந்த வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள். தேதியோடு இருக்கிற சாட்சி அது.

அடுத்து மேடை. உங்கள் கடிதத்தில் என்னை வருத்தப்பட வைத்தது அந்த ஒரு வரிதான், மேடையோடு நின்றுவிடுவேனோ என்பது. தமிழில் பாட்டெழுதிப் பிழைத்தவர்களின் வரலாற்றை எடுத்துப் பாருங்கள். மதுரகவி பாஸ்கரதாஸ் நாடகத்துக்கு எழுதினார், கிராமபோன் தட்டுக்கு எழுதினார். 1931-ல் தமிழின் முதல் பேசும்படமான காளிதாஸ் வந்தபோது அதற்கும் அவர்தான் எழுதினார். உடுமலை நாராயணகவி நாடக வாத்தியார் முத்துசாமிக் கவிராயரிடம் பாடம் கேட்டவர். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் சக்தி நாடக சபாவில் இருந்தவர். புதிதாக ஒரு சாதனம் வரும்போதெல்லாம் அதற்கு ஆள் தேடி மேடைக்குத்தான் வந்திருக்கிறார்கள். உங்களைத் தேடி வந்ததும் அப்படித்தானே? சென்னைக்காரர்கள் உங்கள் பாட்டை எங்கே கேட்டார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஏதாவது ஒரு திருவிழா நாடகத்தில்தான் கேட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

மேடை கொடுக்கிற படிப்பை வேறு எங்கும் வாங்க முடியாது. நம் பக்கத்தில் வள்ளி திருமணம் நாடகம் என்றால் ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி விடிய விடிய நடக்கும். நாரதரும் வள்ளியும் தர்க்கத்தில் இறங்கிவிட்டால் நேரமே தெரியாது. பபூனும் டான்ஸும் வருகிற நேரம் முன்வரிசைப் பிள்ளைகள் பாய் விரித்துத் தூங்க ஆரம்பிப்பார்கள். அப்போது நீங்கள் எழுதிய பாட்டை எடுக்கிறார்கள். முதல் வரி சரியில்லை என்றால் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார்கள், சரியாக இருந்தால் போனவர்கள் திரும்பி வருவார்கள். உங்கள் வரி தேறியதா இல்லையா என்பதை அங்கேயே கண்ணால் பார்க்கிறீர்கள். தொலைக்காட்சிக்கு எழுதுகிறவருக்கு இந்தப் பாக்கியம் கிடையாது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதைக் காட்ட அவருக்கு டி.ஆர்.பி. என்று ஒரு எண் வரும். அது பாட்டினாலா, கதையினாலா, எதிர்ச் சேனலில் கிரிக்கெட் இல்லாததினாலா என்று யாருக்கும் தெரியாது.

இன்னொன்று, மேடையில் பாடுகிறவர் தொண்டைக்கு எழுதப் பழகிவிடுகிறோம். ஆர்மோனியக்காரர் “இந்தப் பொண்ணுக்கு அஞ்சரைக் கட்டை, அதுக்கு மேல ஏத்தாதீங்க” என்பார். உச்சத்தில் எந்த எழுத்தை வைத்தால் குரல் பிசிறடிக்கும், எங்கே மூச்சு வாங்க இடம் விட வேண்டும் என்பதை அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் கற்றுக்கொள்ள முடியும். சென்னைக்கு எழுதுவதற்கும் இந்த ஆர்மோனியக்காரர்களிடம்தான் பாடம் கேட்க வேண்டும். அதனால் செட்டுக்காரர்கள் சீசனில் கூப்பிட்டால் மறுக்காதீர்கள். ஆனால் அங்கேயும் ஓர் ஒழுங்கு வேண்டும். எழுதிய பாட்டை நோட்டிலிருந்து கிழித்துக் கொடுத்துவிடும் பழக்கத்தை நிறுத்துங்கள். பாஸ்கரதாஸ் பல ஆண்டுகள் நாட்குறிப்பு எழுதினார், பிற்காலத்தில் அது புத்தகமாகவே வந்தது. நீங்களும் எந்தப் பாட்டு, எந்த செட்டு, எந்த ஊர், என்ன தேதி, என்ன கொடுத்தார்கள் என்று குறித்து வையுங்கள். பழைய நாடக ஆசிரியர்கள் கடைசிச் சரணத்தில் தங்கள் பெயரை முத்திரையாக வைப்பார்கள். நீங்களும் வைக்கலாம், அதில் வெட்கமில்லை. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922-ல் மறைந்தவர், அவர் பாட்டை இன்றைக்கு யாரும் பாடலாம். உங்கள் பாட்டுக்கு உயிரோடு சொந்தக்காரர் இருக்கிறார் என்று செட்டுகளுக்கும் தெரியட்டும்.

சரி, பாட்டுக்கு வருகிறேன். கேள்வியில் நீங்கள் கேட்காவிட்டாலும் இணைத்து அனுப்பியதே கேட்டதற்குச் சமம். மெட்டையும் வரிகளையும் சேர்த்து வைத்துப் பலமுறை கேட்டேன். மெட்டின் அளவை “தனனா” என்று சொல்லிக் காட்டும் தத்தகாரம் இது:

தனனா தனனா தானா தானா
தனனா தனனா தனனா தானா

நீங்கள் எழுதியிருப்பது:

அலைமேல் தவழும் அன்புத் தோணி
அழகாய் மலரும் உறவின் பாட்டு

மீட்டரில் பிசகே இல்லை. மோனையும் அழகாக விழுந்திருக்கிறது. பழகிய கை என்று பார்த்ததுமே தெரிகிறது. ஆனால் மெட்டை மறுபடி கேளுங்கள். இரண்டு வரியிலும் கடைசி எழுத்தில்தான் இசையமைப்பாளர் குரலை நீட்டுகிறார். முதல் வரியில் அந்த இடத்தில் “ணி” இருக்கிறது, இரண்டாவது வரியில் “ட்டு”. பாடகி “தோணீ...” என்றும் “பாட்டூ...” என்றும் இழுக்க வேண்டிவரும். மேடையில் ஆர்மோனியக்காரர் உங்களை உடனே நிறுத்தியிருப்பார். சென்னையில் நிறுத்த மாட்டார்கள், ட்ராக் (மாதிரிப் பதிவு) பாடியபிறகு வேறொருவரைக் கூப்பிட்டு அந்தச் சொல்லை மட்டும் மாற்றிவிடுவார்கள். அந்த மாற்றம் உங்களுக்குப் பிடிக்காது. நீளுகிற இடத்தில் நெடிலாக, வாய் திறந்து முடிகிற எழுத்தாக வையுங்கள்.

அதைவிடப் பெரிய குறை, இந்த இரண்டு வரியையும் பாம்பனைப் பார்க்காத யாரும் எழுதியிருக்கலாம். அன்புத் தோணி எந்தக் கடலிலும் மிதக்கும். உங்கள் கடிதத்தில் அம்மாவைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, பாட்டு அங்கே இருக்கிறது! உதாரணத்துக்குச் சொல்கிறேன்:

விரலில் துணியைச் சுற்றும் தாயே
கரையும் உனதூர், கடலும் தானா

இதே தத்தகாரம்தான். “யே”, “னா” இரண்டும் எவ்வளவு வேண்டுமானாலும் நீளும். இதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை. நீங்கள் எழுதினால் இதைவிட நன்றாக வரும், ஏனென்றால் அந்தத் துணி எந்தப் பழைய சேலையிலிருந்து கிழித்தது என்பது உங்களுக்குத் தெரியும். பாறையில் கை வெட்டாமலிருக்கச் சுற்றுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும், வீட்டுக்கு வந்து அதை அவிழ்க்கும்போது விரல் எப்படியிருக்கும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். பார்க்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கடலில் இறங்கிப் பாசி எடுக்கும் பெண்களைக் கண்டதே இல்லை. மீனவர் கதை என்றால் ஆண்கள் வலை இழுப்பதையும் பெண்கள் கரையில் நின்று கண் கலங்குவதையும்தான் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். உங்கள் முதல் வரி அதை மாற்றிவிடும்.

சரணத்தில் “தென்றல் தாலாட்ட” என்று போட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் யாராவது கடல்காற்றைத் தென்றல் என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? கொண்டல், கச்சான், வாடை, சோழகம் என்று திசைக்கொரு பெயர் வைத்திருக்கிற ஊர் உங்களுடையது. வடகடலைப் பெண்கடல் என்றும் தென்கடலை ஆண்கடல் என்றும் சொல்கிறவர்கள் நீங்கள். குடும்பக் கதைக்கு இதைவிட என்ன வேண்டும்? “புரியாது, மாத்துங்க” என்று இயக்குநர் சொன்னால் ஒன்றை விட்டுக்கொடுங்கள், ஒன்றைக் காப்பாற்றுங்கள். நாலு வித்தியாசமான சொல் இருந்தால்தான் ஒன்றாவது தப்பும்.

அப்புறம், அம்மாவிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். தன் கையைப் பற்றி ஊரறியப் பாட்டு வருவது அவருக்குச் சம்மதமா என்று தெரிந்துகொள்ள வேண்டும். சம்மதம் என்றால் பாடியும் காட்டுங்கள்.

சென்னைக்குக் குடிபோக வேண்டுமா என்றால், இப்போது வேண்டாம். மெட்டு போனில் வருகிறது, பாட்டு போனில் போகிறது. ராத்திரி ரயில் ஏறினால் காலையில் சென்னை. பாட்டுப் பதிவுக்கு மட்டும் அவசியம் போங்கள். இசையமைப்பாளர் பக்கத்தில் உட்கார்ந்து, பாடகி எந்தச் சொல்லில் தடுக்குகிறார் என்று பார்த்து அங்கேயே மாற்றிக் கொடுக்கிற பாடலாசிரியரை அவர்கள் மறக்க மாட்டார்கள். அடுத்த வேலை அங்கிருந்துதான் வரும். தனியாகப் போகாமல் அப்பாவையோ அண்ணன் தம்பியையோ கூட்டிக்கொண்டு போனாலும் யாரும் தவறாக நினைக்கப் போவதில்லை. வாடகை கட்டி அங்கே உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். மாதக் கடைசியில் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் கையெழுத்துப் போடுகிற நிலைமைக்கு வந்துவிடுகிறார்கள். பி.எட். முடித்து ஒரு சம்பளம் கையில் இருந்தால் “இந்த வரியை நீக்குங்கள்” என்று சொல்லத் தைரியம் வரும். சினிமாப் பாடலாசிரியர் புலமைப்பித்தனும் தமிழாசிரியராக இருந்தவர்தான். அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது.

தொலைக்காட்சியில் பாடலாசிரியருக்கு வேலை எவ்வளவு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். முன்பு டைட்டில் பாட்டு முழுசாக ஓடும், இப்போது ஒரு நிமிஷம் ஓடினாலே அதிகம். நடுவில் துக்கத்துக்கும் கல்யாணத்துக்கும் நாலு வரி பிட்டு கேட்பார்கள், அதற்கும் பேசித் தொகை வாங்க வேண்டும், “டைட்டில் காசிலேயே சேர்த்தி” என்பதை ஒத்துக்கொள்ளக்கூடாது. பாட்டுப் போட்டி நிகழ்ச்சிகளில் பழைய சினிமாப் பாட்டுதான், அங்கே நமக்கு இடமில்லை. தேர்தல் வந்தால் கட்சிப் பாட்டு, கடை திறந்தால் விளம்பரப் பாட்டு என்று வேலை இருக்கும். நகைச்சுவை நிகழ்ச்சிக்கு சினிமா மெட்டில் வேறு வரி எழுதச் சொன்னால், மெட்டின் உரிமையை அவர்கள் வாங்கியிருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.

உங்கள் ஊரிலேயே கடல் ஓசை 90.4 சமுதாய வானொலி 2016-லிருந்து மீனவர்களுக்காக நடக்கிறது. அங்கே போய்ப் பேசிப் பாருங்கள். கரைவலை இழுக்கிற பெரியவர்களிடம், வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டு இன்னும் இருக்கிறது. அவர்கள் பாடி நீங்கள் பதிவு செய்தால் ஊருக்கும் நல்லது, உங்கள் காதுக்கும் நல்லது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள், பேச நேரம் கிடைக்கும். யார் பாடினது என்று அவர்கள் பெயரையும் எழுதி வையுங்கள். நமக்குக் கேட்கிற மரியாதையை அவர்களுக்கும் கொடுக்க வேண்டும்.

மின்னஞ்சலை நாளைக்கே அனுப்பிவிடுங்கள். திருத்தி வருகிற ஒப்பந்தத்தைக் கையெழுத்துக்கு முன் எனக்கு ஒரு பிரதி அனுப்பினால் வரி வரியாகப் படித்துச் சொல்கிறேன். மாற்ற மாட்டோம் என்று அவர்கள் சொன்னாலும் எனக்கு எழுதுங்கள். அப்படியானால் பாட்டை நிறுத்தி வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசிக்கலாம்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்